மூடி திறக்கும்வரை

— நில்லு ஏதா. கொஞ்சம் நில்லு. இந்த மேடு ஏறுறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. படகுலேர்ந்து இறங்குனதுலேர்ந்து நீ வாயத் திறக்கல. அண்ணியும் நாத்தனாரும் ஒருத்தருக்கொருத்தர் ஏதா, என்கிட்டயாவது பேசலாம்ல? அங்க போயும் இப்படியே ஊமையா உக்காந்துட்டா நான் என்ன பண்றது?

— சொல்லிடறேன்னு சொன்னேன்ல, நுர்மாலா. சொல்லிடுவேன்.

— எப்போ? அந்தச் சட்டிய உன் தம்பி கையில குடுக்கறதுக்கு முன்னாடியா, குடுத்த பின்னாடியா?

— முன்னாடி.

— நல்லாக் கேட்டுக்கோ லம்ரியா. பொறந்த வீட்டுக்குப் பன்னிக்கறி ஆக்கி எடுத்துட்டுப் போனா அதுக்கு இந்த ஏரிக்கரையில ஒரே ஒரு அர்த்தம்தான். தாய்மாமனக் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்காங்கன்னு அர்த்தம். அவர் மூடியத் திறந்து ஒரு வாய் தின்னுட்டா முடிஞ்சுது கதை. அப்புறம் போதகரே வந்து குறுக்க படுத்தாலும் மாத்த முடியாது. சனிக்கிழம உன் மக தோள்ல உலோஸ் சால்வை போத்தி ஆசீர்வாதம் சொல்லப் போறது உன் தம்பி மாரோலோப்தான்.

— எனக்குத் தெரியாததா இதெல்லாம்?

— தெரிஞ்சுதான் ஆக்கிட்டு வந்தியா? வாழைப்பழத்த எடுத்துட்டு வந்திருக்கலாம். ஒரு கட்டு வெங்காயம் கொண்டாந்திருக்கலாம். 'கல்யாணத்துக்கு வராதே'ன்னு சொல்லப் போற ஆளுக்குப் பன்னிக்கறி ஆக்கிட்டு வர்ற மொத ஆளு நீதான், கேட்டுக்கோ.

— கை தானாப் போயிடுச்சு ஏதா. காலையில எந்திரிச்சு அடுப்ப மூட்டுனேன். என்ன பண்றோம்னு யோசிக்கவே இல்ல. பாத்தா மிளகு இடிச்சுட்டு இருக்கேன். அம்மாவும் அப்பாவும் போன பின்னாடி அவன்தான் எனக்குப் பொறந்த வீடு. அவன் என்ன 'இத்தோ'ம்பான், நானும் அவன 'இத்தோ'ம்பேன், அக்கா தம்பிக்குள்ள வேற பேரே கிடையாது. வெறுங்கையோட அந்தப் படிய மிதிச்சதே இல்ல நான்.

— அதுக்குத்தான் எங்கண்ணன் என்னக் காவலுக்கு அனுப்பியிருக்காரு. அவருக்கு உன்னத் தெரியும்.

— உங்கண்ணனே வந்து சொல்லியிருக்கலாம்.

— சொன்னாரே, கேக்கலியா நீ? 'நான் போய்ச் சொன்னா சண்டையாப் போயிடும், லம்ரியா சொன்னா வெறும் கண்ணீரோட போயிடும்'னு. நானும் சொல்ல முடியாது. பொண்ணு எடுத்த வீட்டாளு, பொண்ணு குடுத்த வீட்டாளப் பாத்து ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூடாதுல்ல? உள்ள நுழைஞ்சதும் உன் தம்பிய நான் 'ராஜா'ன்னு கூப்பிடணும். ராஜா! நாக்குல கொப்புளம் வந்துடும் எனக்கு.

— மெதுவாப் பேசு. பதநீ இறக்க மரத்து மேல இருப்பான். காத்துல குரல் போகும்.

— போகட்டுமே. உன் மகன் சஹாத் கல்யாணத்துல அந்த ராஜா மைக்கப் பிடிச்சாரே, அந்தக் குரல் ஏரிக்கு அக்கரை வரைக்கும் போச்சு. பையனும் மருமகளும் தலை குனிஞ்சு நிக்கறாங்க. உலோஸ் பாதி அவங்க தோள்ல, பாதி இவர் கழுத்துல. ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பிச்சவரு அழுதாரு, அப்புறம் கள்ளுக்கடைப் பாட்டுல இறங்கிட்டாரு, கடைசியில மத்தளக்காரங்க மேல விழுந்தாரு. சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பாட்டுல கை வெக்காம எந்திரிச்சாங்க. நீ மறந்துட்டியா?

— மறக்கல.

— தியார்மா மறக்கல, அது தெரியும். உன் மக என்ன சொன்னா நேத்து?

— 'மாமா வரட்டும், வராம இருக்கட்டும், உன் இஷ்டம்மா. ஆனா அன்னைக்கி என்ன சிரிக்கச் சொல்லாத'ன்னா.

— அவ்வளவுதான். உன் பெரியப்பா மகன் மங்காசி இருக்காரு. சபையில மூப்பரு. கள்ள மோந்துகூடப் பாக்காத மனுஷன். தாய்மாமன் இடத்துல நின்னு அவர் போத்தட்டும்னு எல்லாரும் உக்காந்து பேசி முடிச்சாச்சு. நீயும் தலையாட்டுன.

— ஆட்டுனேன்.

— போதகரே சொல்லிட்டாரு, மன்னிக்கிறது வேற, மைக்கக் கையில குடுக்கறது வேறன்னு.

— அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

— சிரிச்சுக்கிட்டுச் சொன்னாலும் சரியாத்தான் சொன்னாரு. பாவம், அவரும் எத்தன தரம்தான் உன் தம்பியச் சபைக்கு முன்னாடி நிக்க வெச்சுத் திரும்பச் சேத்துக்குவாரு? பலிபீடத்துக்கு முன்னாடி அந்த ஒரு பலகை மட்டும் தேஞ்சிருக்கு பாத்தியா? அது மாரோலோப் நிக்கிற இடம்.

— சிரிப்பு வருதா உனக்கு?

— சிரிக்காம என்ன பண்றது ஏதா? அன்னைக்கி அவர் சட்டையக் கழட்டி ஏரியில அலசுனது யாரு? உன் மருமகளா? நான்தான். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல.

— எனக்குத் தெரியும்.

— அப்ப ஏன் அழுவுற?

— அழல. களைப்பா இருக்கு. அவன் குடிக்கிறதால எனக்குக் களைப்பு இல்ல ஏதா. அவன் நிறுத்துறான் பாரு, அதுலதான். குடிச்சான்னா ஒரு மூலையில அழுதுட்டுப் படுத்துடலாம். நிறுத்திட்டேன்னு வந்து நின்னான்னா மறுபடியும் எந்திரிக்கணும், மறுபடியும் நம்பணும். அதுக்கு இந்த உடம்புல எங்க இருக்கு பலம்?

— இந்தத் தரம் நிஜமாவே நிறுத்திட்டதாச் சொல்றாங்களே. கள்ளுக்கடைக்கு ஊத்துறத விட்டுட்டு வெல்லம் காய்ச்சறாராமே.

— ஒவ்வொரு தரமும் நிஜமாத்தான் நிறுத்துறான். அவன் பொய் சொன்னதே இல்ல.

— ஜெபம் பண்ணு.

— பண்றேன். இப்பல்லாம் அவன் பேர மட்டும் சொல்றேன், அதுக்கு மேல வார்த்தை வர்றதில்ல. மிச்சமெல்லாம் ஆண்டவருக்கு மனப்பாடமா இருக்கும்.

— யாரது கீழ? இத்தோவா?

— நான்தான் இத்தோ! பாத்து இறங்கு. ஈரமா இருக்கும் மூங்கில் ஏணி.

— கூட யாரு? நுர்மாலாம்மாவா? வாங்க வாங்க! ஒரு நிமிஷம். இவ இன்னைக்கி ரொம்பக் கோவத்துல இருக்கா. பாளையத் தட்டித் தட்டிக் கை ஓஞ்சு போச்சு, அரைக் குடுவைதான் விட்டிருக்கா. பொம்பளைங்கள மாதிரி இந்த மரமும். நாம பேசறத நிறுத்துனாத்தான் இளகும்.

— பாத்து வாங்க ராஜா. குடுவை சிந்தப் போகுது.

— என்ன நுர்மாலாம்மா, படகுல வந்தீங்களா, பறந்து வந்தீங்களா? முகமெல்லாம் செவந்திருக்கு.

— மேடு ஏறுனேன் ராஜா. வயசாகுதுல்ல?

— உங்களுக்கா? ஏரிக்கு வயசாகும், உங்களுக்கு ஆகாது. இத்தோ, என்னது அது தலையில? இறக்கு இறக்கு. கழுத்து என்னத்துக்கு ஆகும்?

— இத்தோ, அத அப்படி வை. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லலாம், சொல்லலாம். மொதல்ல இந்தப் பதநீய அடுப்புல ஏத்திடறேன். வெயில் ஏறுறதுக்குள்ள காய்ச்சலேன்னா அது அது வேலையக் காட்டிடும். காலையில இனிப்பா இருக்கறது மத்தியானம் நுரைக்கும், சாயங்காலம் ஆள விழுத்தாட்டும். இப்பத் தினமும் அதுக்கும் எனக்கும் ஓட்டப்பந்தயம்தான். உக்காருங்க, பாய் விரிச்சுத்தான் இருக்கு. காப்பி போடறேன்.

— ஏதா. ஏதா! சட்டிய எங்க வெச்சாரு பாத்தியா?

— பாத்தேன்.

— பரண்மேல. மூடியக்கூடத் தொடல. நீ முன்னாடி சொல்லிடுவேன்னியே?

— சொல்ல ஆரம்பிச்சேன்ல? நீயும்தான கேட்ட.

— 'ஒண்ணு சொல்லணும்'னு சொன்ன. அந்த ஒண்ணு என்னன்னு சொல்லல. காப்பி வந்ததும் சொல்லு. நான் தொண்டையக் கனைப்பேன், சொல்லிடணும்.

— இந்தா காப்பி. நுர்மாலாம்மா, வெல்லம் நான் காய்ச்சுனது. கருப்பா இருக்கேன்னு பாக்காதீங்க. மொதல்ல கரியாக் காய்ச்சுனேன், அப்புறம் களியாக் காய்ச்சுனேன், இப்பத்தான் வெல்லமாக் காய்ச்சக் கத்துக்கிட்டேன்.

— நல்லாருக்கு ராஜா. க்ர்ம்.

— தொண்டைக் கட்டா? இஞ்சி தட்டிப் போடட்டுமா?

— வேண்டாம் ராஜா. லம்ரியா ஏதோ சொல்லணும்னாளே.

— தியார்மா எப்படி இருக்கா இத்தோ?

— இருக்கா. மெலிஞ்சுட்டா. கல்யாணக் கவலை.

— சின்ன வயசுல அவளப் படகுல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவேன்ல? பாதி ஏரியில துடுப்ப நிறுத்தச் சொல்லுவா. 'மாமா, கணக்கு வாத்தியார் போற வரைக்கும் இங்கயே இருப்போம்'பா. நானும் நிறுத்திடுவேன். ரெண்டு பேரும் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருப்போம். உன்கிட்ட அடி வாங்குனது என்னமோ நான்.

— வாங்காம? மாமனுக்கும் மருமகளுக்கும் ஒரே வயசு புத்தி.

— இப்ப அவளே வாத்தியாரம்மா. மாப்பிள்ளை நல்ல பையனா?

— அமைதியான பையன்.

— குடிப்பானா?

— மாட்டான்.

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

— க்ர்ம். க்ர்ம்.

— இஞ்சி போட்டே ஆகணும் உங்களுக்கு.

— ராஜா, அந்தச் சுவத்துல தொங்குறது கோட்டா?

— ஆமா. அப்பாவோடது. போன வாரம் எடுத்து வெயில்ல போட்டேன். தோள்ல பூச்சி அரிச்சிருந்துச்சு, நானே தெச்சுட்டேன். மங்காசிக்கு இது சரியா இருக்கும்ல, நுர்மாலாம்மா? அவரும் என் ஒசரம்தானே?

— மங்காசிக்கா? அவருக்கு எதுக்கு ராஜா?

— சும்மா கேட்டேன்.

— யாரு சொன்னா உனக்கு மங்காசியப் பத்தி?

— யாரும் சொல்லல இத்தோ. யாரு சொல்லுவா? குடும்பத்துல கோட்டுப் போடற மாதிரி இருக்கறது அவர் ஒருத்தர்தானேன்னு பேச்சுக்குச் சொன்னேன். சரி சரி, விடு.

— உன் பொண்டாட்டி போன் பண்ணுனாளா, ருஸ்தி?

— பண்ணுவா. மகன் வீட்டுல, மேதான் பட்டணத்துல நல்லா இருக்காளாம். வர மாட்டா. நான் கூப்பிடவும் இல்ல. அவ வெச்ச ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்துறேன், அது போதும். உன்ன மாதிரி எல்லாரும் இருக்க முடியுமா? நீ எப்படித்தான் திரும்பத் திரும்ப வர்றியோ.

— பழக்கமாயிடுச்சு.

— நல்ல பழக்கமா, கெட்ட பழக்கமா?

— தெரியல இத்தோ. உன் பழக்கம் மாதிரிதான் என்னோடதும். விடணும்னு நினைக்கிறேன், விடியறப்ப மறுபடியும் அதுவாத்தான் இருக்கு.

— நீ பேசறதப் பாத்தா நம்ம போதகருக்கே பயம் வரும்.

— இத்தோ, மீன் எங்க?

— என்ன மீனு?

— அழைக்க வந்தா பதிலுக்குக் குடுக்கணும்னு முழுக் கெண்டை ஒண்ணு தொட்டியில விட்டிருக்கேன், கையிலேர்ந்து சோறு திங்குதுன்னு போன ஞாயித்துக்கிழமை சொல்லி அனுப்பியிருந்தியே. வர்றப்பப் பாத்தேன். தொட்டி காலியா இருக்கு.

— ஏரியில விட்டுட்டேன்.

— எப்போ?

— நேத்து. பாவமா இருந்துச்சு. தினமும் வாயத் திறந்து திறந்து என்னையே பாக்குது. நீ போ, உனக்கு என்ன தலையெழுத்துன்னு விட்டுட்டேன். அடடா, அடுப்பு! பொங்குதுன்னு நினைக்கிறேன். கிண்டலேன்னா அடி பிடிச்சுடும். இதோ வந்துடறேன், பேசிட்டு இருங்க.

— ஏதா, கேளு. கர்த்தர் நம்ம பக்கம் இருக்காரு இன்னைக்கி.

— என்ன சொல்ற?

— நீ சொல்லவே வேண்டாம் போல. அவரே விலகுற மாதிரி பேசறாரு பாரு. கோட்டு மங்காசிக்குங்கறாரு, மீன விட்டுட்டேங்கறாரு. சட்டியக் கண்ணாலகூடப் பாக்கல. எடு அத. பரண்லேர்ந்து மெதுவா எடு. அடுத்த தரம் வர்றேன்னு சொல்லிட்டு நடந்துடலாம். யாரும் யாரையும் வேண்டாம்னு சொன்ன மாதிரி இருக்காது.

— அவன் ஏன் சட்டியத் தொடல நுர்மாலா?

— பசி இல்லாம இருக்கும். நமக்கென்ன அது?

— நான் ஆக்குன கறி வாசம் காத்துல வந்தா மரத்து உச்சியிலேர்ந்து குதிச்சு வர்றவன் அவன்.

— மனுஷனுக்கு வயசாகுது ஏதா. அடக்கம் வந்திருக்கும். ஒரு வகையில நல்லதுதானே? நிஜமாவே திருந்திட்டாருன்னு வெச்சுக்கோ. வீட்டப் பாரு, பெருக்கித் துடைச்சு எப்படி வெச்சிருக்காரு. குடிக்கிற ஆளு வீடா இது? இந்தக் கல்யாணம் முடியட்டும். ஒரு வருஷம் இப்படியே இருக்கட்டும். அடுத்த பேரப்புள்ள ஞானஸ்நானத்துக்கு அவரையே மொத வரிசையில உக்கார வைப்போம். நானே வந்து கூப்பிடறேன்.

— ஒரு வருஷம்.

— அதுவரைக்கும் பாப்போம்ங்கறேன்.

— நான் இத்தன நாள் அப்படித்தான் ஏதா இருந்திருக்கேன். திருந்திட்டான், அதனால மன்னிச்சேன். விழுந்துட்டான், அதனால மனசுக்குள்ள ஒரு கதவச் சாத்துனேன். மறுபடி திருந்துனான், திறந்தேன். அவன் மேல அன்பா இருக்கேன்னு ஊரு பேசிச்சு. நான் பந்தயம் கட்டிட்டுத்தான் இருந்தேன்.

— போதும். அந்தப் பேச்செல்லாம் படகுல பேசிக்கலாம். சட்டிய எடு, அவர் வர்றதுக்குள்ள.

— எடுக்கறேன்.

— துணியச் சுத்து. மூட்டையாக் கட்டு. ஏதா? ஏதா, என்ன பண்ற? துணிய அவிழ்க்காத. கட்டுன்னு சொன்னேன், அவிழ்க்கச் சொல்லல!

— தட்டு எங்க வெச்சிருக்கான் பாரு.

— லம்ரியா! உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? உம் மக முகத்துல எப்படி முழிப்ப? எங்கண்ணன் என்னக் கேப்பாரு!

— கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ தடுத்தன்னும் சொல்றேன். தள்ளு.

— என்ன சத்தம்? இத்தோ? ஐயோ, அத ஏன் இறக்குன? நான் அப்புறமாச் சாப்பிடறேனே. நீங்க கிளம்பறப்ப அத அப்படியே...

— கைய அலம்பிட்டு வந்து உக்காரு.

— இல்ல இத்தோ. வேண்டாம்.

— உக்காரு, இத்தோ. தியார்மாவுக்கு சனிக்கிழமை கல்யாணம். தாய்மாமனக் கூப்பிட வந்திருக்கேன். பொறந்த வீட்டு உலோஸ் எம் மக தோள்ல விழணும். வா.

— நுர்மாலாம்மா, நீங்க சொல்லுங்க. இவ யாரையும் கேக்காமச் சொல்றா. இது உங்க வீட்டுல எல்லாரும் சேந்து முடிவு பண்ணுனதா?

— நான்... நான் என்ன ராஜா சொல்றது? வீட்டுல பேசுனது வேற. உங்க அக்கா இப்படி...

— பாத்தியா? எனக்குத் தெரியும் இத்தோ. நீ 'ஒண்ணு சொல்லணும்'னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது. வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கன்னு நினைச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு, நிஜமாச் சொல்றேன். காப்பி போடறப்பக்கூட, இதோ சொல்லிடுவா, இதோ சொல்லிடுவான்னு காத்துட்டு இருந்தேன்.

— ஏன் அப்படி?

— ஏன்னா நீ வேண்டாம்னா நான் எங்கயும் நிக்க வேண்டாம். யாரும் என்னப் பாக்க வேண்டாம். மத்தளக்காரன் ஒதுங்கி உக்கார வேண்டாம். சஹாத் என் கையிலேர்ந்து மைக்கப் பிடுங்குனானே, அந்த முகம் இன்னும் எனக்குள்ள இருக்கு. அதே முகத்த தியார்மாகிட்டயும் பாக்கணுமா? மங்காசி போத்தட்டும். ஆசீர்வாதம் யாரு கையால வந்தாலும் ஆசீர்வாதம்தான்.

— தாய்மாமன் உயிரோட இருக்கறப்ப இல்ல.

— நான் விழுந்துட்டா?

— விழுந்தா எழுப்ப அங்க ஆள் இருக்கும். இங்க விழுந்தா யாரு இருக்கா?

— ஏதா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. உலோஸ் போத்தறப்ப மனைவியும் ஒரு ஓரத்தப் பிடிக்கணும். ருஸ்தி வர மாட்டா. ராஜா தனியா நின்னு தடுமாறினா?

— நான் பிடிக்கிறேன் ஒரு ஓரத்த.

— நீயா? பொண்ணோட அம்மா நீ. எதிர்ப்பக்கம் உக்காந்து வாங்கிக்க வேண்டியவ. நீ எப்படிக் குடுக்கற பக்கம் நிப்ப? ஊரு சிரிக்கும்!

— சிரிக்கட்டும். போன தரமும் சிரிச்சாங்கல்ல? வெள்ளிக்கிழமையே நீ எங்க வீட்டுக்கு வந்துடணும் இத்தோ. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல படுத்துக்கோ. அவர் விடற கொறட்டையில எவனுக்கும் தூக்கம் வராது, எந்திரிச்சு எங்கயும் போகவும் முடியாது.

— இத்தோ, நீ புரிஞ்சுக்காமப் பேசற.

— இந்தா. கறி ஆறிட்டு இருக்கு.

— அந்தக் கைய எடு. என் வாய்க்கிட்டக் கொண்டு வராத. தின்னுட்டா அப்புறம் மாத்த முடியாதுல்ல?

— மாத்த முடியாது.

— அப்பத் தின்ன மாட்டேன். என்னத் தின்ன வெக்காத. நுர்மாலாம்மா, கொஞ்சம் வெளிய... இல்ல, இருங்க. நீங்களும் கேக்கணும். கேட்டுட்டுப் போய் வீட்டுல சொல்லுங்க.

— என்ன ராஜா?

— நேத்துச் சாயங்காலம் மரத்துலேர்ந்து இறக்குனத நான் அடுப்புல ஏத்தல. பாத்துட்டே உக்காந்திருந்தேன். நுரைக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன் இத்தோ. அப்புறம் குடிச்சேன். பூராத்தையும் குடிச்சேன். கெண்டைய விட்டதும் அந்த வெறியிலதான். எங்கிட்ட இருந்து யாராவது ஒருத்தராவது தப்பிக்கட்டும்னு. காலையில எந்திரிச்சு வீட்டப் பெருக்குனேன், முகத்தக் கழுவுனேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி மரம் ஏறுனேன். இதுதான் உன் தம்பி. இப்ப எடு கைய.

— ஆண்டவரே! ஏதா, போதும். கேட்டுட்டல்ல? அவரே சொல்லிட்டாரு. சட்டிய மூடு, கிளம்பலாம்.

— தெரியும் இத்தோ. நீ சட்டியத் தொடாதப்பவே தெரியும்; குடிக்காம இருந்திருந்தா நீயே திறக்க வந்திருப்ப, நானும் அதுக்கு முன்னாடியே கல்யாணத்துக்கு வராதேன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். நீ விழுந்திருக்கன்னு தெரிஞ்சுதான் கூப்பிடறேன். வாயத் திற.